தொல்லை அழைப்புகளும் தொலைபேசி மோசடியும்

தொல்லை அழைப்பு என்பது ஒருவர் கேட்காமலும் விரும்பாமலும் அவரது தொலைபேசிக்கு வந்து இடையூறு விளைவிக்கும் அழைப்பு ஆகும். தொலைபேசி மோசடி என்பது பொய்யான அடையாளத்தைக் கூறி, ஒருவரிடமிருந்து பணத்தையோ பணத்தை எடுப்பதற்கான இரகசியத் தகவலையோ தொலைபேசி வழியாகப் பறிக்கும் குற்றம் ஆகும். முன்னது பெரும்பாலும் நேரத்தை வீணாக்குவதுடன் நின்றுவிடும். பின்னது ஒரு குடும்பத்தின் சேமிப்பைச் சில நிமிடங்களில் கரைத்துவிடக் கூடியது. இவ்விரண்டுக்கும் புகார் செய்யும் இடமும் முறையும் வெவ்வேறானவை. இக்கட்டுரை இந்தியாவிலுள்ள நடைமுறைகளை, தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதிலுள்ள கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வகைகள்

விரும்பத்தகாத அழைப்புகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* வணிக அழைப்புகள்: கடன், காப்பீடு, வீட்டுமனை முதலியவற்றை விற்பதற்காக வருபவை. பதிவு செய்யப்பட்ட குரலைக் கொண்டு தானியங்கியாகவும் இவை வருவதுண்டு.
* அச்சுறுத்தும் அழைப்புகள்: மிரட்டுதல், ஆபாசமாகப் பேசுதல், பேசாமலே மீண்டும் மீண்டும் அழைத்தல் ஆகியன இதில் அடங்கும்.
* தவறிய அழைப்பு மோசடி: அயல்நாட்டு எண்ணிலிருந்து ஒருமுறை மணி ஒலித்து அழைப்பு துண்டிக்கப்படும். திரும்ப அழைப்பவருக்குக் கூடுதல் கட்டணம் விழும். இது சப்பானிய மொழியில் வான்கிரி எனப்படுகிறது.
* ஆள்மாறாட்ட அழைப்புகள்: வங்கி, காவல்துறை, அரசு அலுவலகம் முதலியவற்றிலிருந்து பேசுவதாகக் கூறிப் பணம் பறிப்பவை.

வரலாறு

தரைவழித் தொலைபேசிக் காலத்தில் அழைப்பவரின் எண்ணைக் காட்டும் வசதி பரவலாக இல்லை. ஆகவே பெயர் கூறாமல் தொல்லை தருவது எளிதாக இருந்தது. இந்தியாவில் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1995இல் தொடங்கியது. தொடக்கத்தில் உள்வரும் அழைப்புக்கும் பயனர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகள் கட்டணமற்றவையாயின. அதன்பின் தொலைபேசி பரவியதைப் போலவே தொலைபேசி வழி விற்பனையும் பரவியது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2007இல் அழைக்க வேண்டாதோர் பதிவேட்டை உருவாக்கியது. 2010ஆம் ஆண்டின் விதிமுறைகள் இதை விரிவாக்கின. 2018இல் வெளியான புதிய விதிமுறைகள், வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் யாவும் தொடரேட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த பதிவேட்டில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. 2025 பிப்ரவரியில் இவ்விதிமுறைகள் திருத்தப்பட்டு, புகார் செய்வதற்கான காலம் 3 நாட்களிலிருந்து 7 நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

இதே காலத்தில் மோசடி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோடு பகுதியில் இயங்கிய அழைப்பு மையங்களைக் காவல்துறையினர் சோதனையிட்டனர். அங்கிருந்தோர் அமெரிக்க வருமான வரித்துறையினர் போலப் பேசி அமெரிக்கர்களிடம் பணம் பறித்தது வெளிப்பட்டது. தாய்லாந்தில் வேலை என நம்பிச் சென்று, மியான்மரில் மோசடி மையங்களில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர். அழைப்பவரும் சில வேளைகளில் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இந்தியாவில் இணையவழி நிதி மோசடிகளால் 2023இல் 7,465 கோடி ரூபாயும், 2024இல் 22,845 கோடி ரூபாயும் இழக்கப்பட்டதாக ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2025இல் மக்களவையில் தெரிவித்தது. தொலைபேசி அழைப்பில் தொடங்கும் மோசடிகளும் இத்தொகையில் அடங்கும்.

மோசடி செயற்படும் முறை

கதை எதுவாக இருப்பினும் மோசடி அழைப்பின் அமைப்பு ஒன்றே. முதலில் அழைப்பவர் தமக்கு ஓர் அதிகாரம் இருப்பதாகக் காட்டுகிறார். அடுத்து அச்சத்தையோ ஆசையையோ எழுப்புகிறார். இறுதியாக, உடனே செய்ய வேண்டும் என அவசரப்படுத்துகிறார். அழைப்பைத் துண்டிக்காமலும் எவரிடமும் கூறாமலும் இருக்கும்படி வற்புறுத்துவது இதன் முக்கியக் கூறு ஆகும். அருகிலுள்ள ஒருவரிடம் கேட்டால் மோசடி வெளிப்பட்டுவிடும் என்பதே இதற்குக் காரணம்.

திரையில் தோன்றும் எண் நம்பத்தக்கதன்று. அயல்நாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண் போலத் தோன்றச் செய்ய இயலும். இத்தகைய போலி அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு ஒன்றைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது.

பறிக்கப்பட்ட பணம் மோசடியாளரின் பெயரிலுள்ள கணக்குக்கு நேராகச் செல்வதில்லை. அது பிறரது வங்கிக் கணக்குகள் பலவற்றின் ஊடாக அடுத்தடுத்து மாற்றப்பட்டுப் பின்னரே ரொக்கமாக எடுக்கப்படுகிறது. சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கையோ சிம் அட்டையையோ பிறருக்குக் கொடுக்கும் மாணவர்களும் தொழிலாளர்களும் வழக்கில் சிக்க நேரிடுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டமும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. இதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். வெள்ளிமலை இங்குள்ள முக்கிய ஊர் ஆகும்.

ஒருமுறைக் கடவுச்சொல்லைக் (ஓ.டி.பி.) கேட்டுப் பெறும் மோசடிக்குத் திறன்பேசி தேவையில்லை. பொத்தான் வைத்த எளிய கைபேசியே போதும். எனவே இத்தகைய ஊரகப் பகுதிகளும் மோசடியாளர்களின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் எதிர்கொள்ளக்கூடிய அழைப்புகள் சில வருமாறு.

* உதவித்தொகை: மகளிர் உரிமைத் தொகை, உழவர்களுக்கான பி.எம். கிசான் தவணை ஆகியவற்றின் பெயரால் கடவுச்சொல் கேட்கப்படுவதுண்டு. இத்தொகைகள் நேரடியாகக் கணக்கில் வரவு வைக்கப்படுபவை. அவற்றைப் பெறக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கூறவேண்டிய தேவை இல்லை.
* கல்வி உதவித்தொகை: கல்வித் துறையினர் போலப் பேசிப் பெற்றோரை ஏமாற்றுவோர் குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024இல் எச்சரித்தது.
* கைபேசிக் கோபுரம்: நிலத்தில் கோபுரம் அமைத்து வாடகை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பது. கோபுரத்துக்கு இடம் எடுப்பதில் தமக்குத் தொடர்பில்லை எனத் தொலைத்தொடர்புத் துறையும் டிராய் அமைப்பும் அறிவித்துள்ளன.
* பரிசுச் சீட்டு: தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழ வழியில்லை.
* டிஜிட்டல் கைது: காவல் அதிகாரியாகக் காணொளியில் தோன்றி, வீட்டை விட்டு வெளியேறக் கூடாது என மிரட்டுவது. இந்தியச் சட்டத்தில் இத்தகைய கைது கிடையாது. இதைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபர் 27 அன்று தமது வானொலி உரையில் குறிப்பிட்டார். இவ்வகை மோசடிகளை நடுவண் புலனாய்வுச் செயலகம் விசாரிக்க வேண்டுமென 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

மலையூர்களில் வாழ்வோருக்குத் தொலைவு ஒரு தடையாகும். வங்கிக்கோ மாவட்டத் தலைநகரிலுள்ள இணையவழிக் குற்றக் காவல் நிலையத்துக்கோ செல்ல மலைப்பாதையில் இறங்கி வரவேண்டும். மறுநாள் போய்ச் சொல்லலாம் எனக் காத்திருப்பதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிடும். ஆகவே நேரில் செல்வதற்கு முன்பே, அலை கிடைக்கும் இடத்திலிருந்து தொலைபேசியில் புகார் செய்வது இன்றியமையாதது. பிறருடைய தொலைபேசியிலிருந்தும் இதைச் செய்யலாம்.

தொல்லை அழைப்புகளைத் தடுத்தல்

வணிக அழைப்புகள் வேண்டாதவர் 1909 என்ற எண்ணிலோ தம் தொலைபேசி நிறுவனத்தின் செயலியிலோ பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குப் பின்னும் வரும் அழைப்பு குறித்து, அழைத்த எண், நாள், பேசப்பட்டதன் சுருக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அதே எண்ணில் புகார் செய்யலாம். பதிவு பெற்ற விற்பனை அழைப்புகள் 140 எனத் தொடங்கும். வங்கி முதலியவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது.

மோசடி என ஐயுறும் அழைப்பில் பணம் இழக்கவில்லை எனில், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்சு பகுதியில் தெரிவிக்கலாம். இப்பகுதி 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் அத்தளத்தில் அறியலாம்.

ஐயுறும் அழைப்பு வந்தால்

* அழைப்பைத் துண்டித்துவிடலாம். அவ்வாறு செய்வது சட்டப்படி குற்றமாகாது.
* அழைத்தவர் கூறிய எண்ணுக்கு அன்றி, வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு அழைத்துச் சரிபார்க்க வேண்டும்.
* கடவுச்சொல், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கம், யு.பி.ஐ. இரகசிய எண் ஆகியவற்றை எவருக்கும் கூறக்கூடாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. செலுத்துவதற்கு மட்டுமே தேவை.
* அழைத்தவர் அனுப்பும் செயலியை நிறுவக்கூடாது. அதன் வழியாகத் தொலைபேசியே பிறர் கட்டுப்பாட்டுக்குச் செல்லக்கூடும்.
* வீட்டிலுள்ள மற்றொருவரிடம் உடனே கூற வேண்டும்.

பணம் இழந்தால்

1. 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2021இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய இச்சேவை பின்னர் இவ்வெண்ணுக்கு மாற்றப்பட்டது. தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம்.
2. வங்கியின் உதவி எண்ணை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் செய்ய வேண்டும்.
3. இழந்த தொகை, நேரம், பரிவர்த்தனை எண், அழைத்தவரின் எண் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்கக் கூடாது.
4. பின்னர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து ஒப்புகை பெற வேண்டும்.

1930இல் பதிவாகும் புகார், பணம் சென்ற வங்கிக்கு இணையவழியாக அனுப்பப்படுகிறது. பணம் அக்கணக்கில் எஞ்சியிருந்தால் நிறுத்தி வைக்கப்படும். கடந்து சென்றிருந்தால் அடுத்த வங்கிக்குப் புகார் தொடரும். நிறுத்தப்பட்ட பணம் உரிய நடைமுறைகளுக்குப் பின் உரியவருக்குத் திருப்பித் தரப்படலாம். எனவே மீட்பின் அளவு பெரிதும் புகார் செய்யும் விரைவைப் பொறுத்தது.

2017 ஜூலை 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் இதையே வலியுறுத்துகிறது. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத இழப்பை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. கடவுச்சொல்லைத் தாமே கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும்.

வெட்கத்தால் பலர் புகார் செய்வதில்லை. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர். வீட்டார் திட்டுவர் என அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடியாளருக்கே பயன்படுகிறது.

சட்டங்கள்

* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 66டி: கணினி அல்லது தொலைத்தொடர்புக் கருவி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல். 3 ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம்.
* பாரதிய நியாய சன்ஹிதா, 2023: ஏமாற்றுதல் (பிரிவு 318), ஆள்மாறாட்டம் (319), பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்தல் (78), மிரட்டல் (351). பெயரை மறைத்து மிரட்டுவோருக்குக் கூடுதல் தண்டனை உண்டு. இச்சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.
* தொலைத்தொடர்புச் சட்டம், 2023: மோசடியாகச் சிம் அட்டை பெறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 50 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உடனடி அச்சுறுத்தல் இருப்பின் 112 என்ற அவசர எண்ணையும், பெண்கள் 181 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* கள்ளக்குறிச்சி மாவட்டம்
* கல்வராயன் மலை
* இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
* இணையக் குற்றம்