கப்பல் தபாலிலிருந்து இ-சிம் வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து கடல் கடந்தவர்கள் ஊரோடு தொடர்பு வைத்துக்கொண்ட வழி, நூற்றாண்டுக்கும் மேலாகக் கடிதம், தந்தி, தொலைபேசி, சிம் அட்டை என்று மாறி இன்று இ-சிம்முக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் இடையில் நின்று உதவிய ஒருவர் விலகினார். அவருக்குத் தெரிந்திருந்ததைப் பயணியே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளையும். நெல்லுக்குக் கண்மாய் பெருக வேண்டும். 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டாரம், 1985க்குப் பின் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மழை தவறிய ஆண்டுகளில் பழைய இராமநாதபுரம் சீமையிலிருந்து சனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். இலங்கைக்குப் போனவர்கள் மண்டபம் முகாமைக் கடந்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. மலாயாவுக்கான கப்பல்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றின. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ அவற்றில் பெயர்பெற்றது.

அக்காலத்தில் சேதி கடிதமாகவே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் தோட்டத்தில் இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்தார். ஊரில் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். பதில் போய்ச்சேர வாரக்கணக்காகும். தந்தி விரைவானது, 1871இலேயே சென்னையையும் பினாங்கையும் கடலடிக் கம்பி இணைத்துவிட்டது. ஆனால் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால், சாவு போன்ற அவசரத்துக்கே ஏழைகள் தந்தி கொடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போனதும் வழக்கமான தபால் நின்றது. போர் முடியும்வரை, போனவர் இருக்கிறாரா என்பதே தெரியாமல் பல குடும்பங்கள் காத்திருந்தன.

1970களில் வளைகுடா வேலை தொடங்கியபோது விமானத் தபாலோடு ஒலிநாடாவும் சேர்ந்தது. விடுமுறையில் ஊர் திரும்புகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பினால், வீட்டார் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து குரலைக் கேட்பார்கள். நேரடியாகப் பேச வேண்டுமானால் ட்ரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் சிற்றூர்களுக்கு ஏற்ற சிறு தானியங்கித் தொலைபேசி நிலையங்களை உருவாக்கியது. 1986இல் வெளிநாட்டுத் தொலைபேசி வி.எஸ்.என்.எல். பொறுப்புக்கு வந்தது. அதன்பின் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் பெருகின.

கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறை, தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போகும் மீட்டர், பேசி முடித்ததும் அச்சடித்து வரும் பில்: பூத் இப்படித்தான் இருந்தது. சிங்கப்பூருக்கு 65, மலேசியாவுக்கு 60, அமீரகத்துக்கு 971 என்பது பூத்காரருக்கு மனப்பாடம். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், துபாயில் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று அவரே சொல்லிவிடுவார். போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எண்ணே ‘பி.பி. நம்பர்’. அழைப்பு வந்ததும் யாராவது ஓடிவந்து கூப்பிடுவார்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடியபோது தொலைபேசி அட்டை வாங்கினார்கள். அதன் ரகசிய எண்ணைச் சுரண்டி, இந்தியாவின் 91, அருப்புக்கோட்டையின் 4566 என்று வரிசையாக அழுத்த வேண்டும். எந்த அட்டையில் அதிக நிமிடம் கிடைக்கும் என்ற கணக்கு அப்போதுதான் பயணியின் கைக்கு வந்தது.

முதல் சிம் அட்டையை 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் செய்தது. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31இல் நடந்தது. போன இடத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்குவது பிறகு வழக்கமானது. அட்டை 25×15 மில்லிமீட்டரிலிருந்து 12.3×8.8 வரை சுருங்கியது. ஊர் சிம்மைக் காகிதத்தில் மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டார்கள். அது தொலைந்தால் மாற்று சிம் வாங்கும்வரை அந்த எண் கிடைக்காது. வாட்ஸ்அப் வந்தபின் பேச்சுக் கட்டணத்தைவிட டேட்டாவே முக்கியமாயிற்று.

இ-சிம்மில் கழற்றி மாட்டும் அட்டை கிடையாது. போனுக்குள்ளேயே பதிந்த சில்லில் நிறுவனத்தின் விவரம் இணையம் வழியே இறங்குகிறது. நுகர்வோர் கருவிகளுக்கான பொதுத் தரத்தை, கைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. 2016இல் வெளியிட்டது, 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்குப் பின் அது பரவலானது. ஊர் சிம் தன் இடத்திலேயே இருக்க, டேட்டாவுக்கு மட்டும் வேறொன்று என்பதே இதன் பெரிய வசதி.

2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணம் எளிதாயிற்று, ஆனால் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோருக்கு இன்று பூத்காரர் துணை இல்லை. அவர் சொல்லியிருக்கக்கூடியவை இவை:

போனில் *#06# அழுத்தினால் 32 இலக்க இ.ஐ.டி. எண் தெரியவேண்டும்; தெரிந்தால் இ-சிம் வசதி உண்டு. போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. ஒரு நாட்டுக்கு மட்டும் போனால் அந்நாட்டுத் திட்டம் போதும். சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் போனால் வட்டாரத் திட்டம் வேண்டும். நாள்கணக்கு எப்போது தொடங்குகிறது, இறக்கியபோதா, அங்கே இணைந்தபோதா என்று பார்க்க வேண்டும். பல திட்டங்களில் டேட்டா மட்டுமே உண்டு, பேசும் எண் இருக்காது. அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே போகிறவர் இதை முன்பே யோசிக்க வேண்டும். ஓராண்டு, ஈராண்டு வேலைக்குப் போகிறவருக்கு உள்ளூர் எண் உள்ள சிம்மே உதவும்.

வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அது இல்லையென்று 2024 ஜனவரியில் இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை செயலிகள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. எனவே விற்பவருக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்ப்பது நல்லது.

இ-சிம்மை இறக்க இணையம் வேண்டும் என்பதால் வீட்டிலேயே அதை முடித்துவிட வேண்டும். ஒருமுறை அழித்தால் அதே கியூஆர் குறியீடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. ஊர் எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்துவைக்க வேண்டும். ஆனால் வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆகவே புறப்படுமுன் அதற்கு ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டு ரோமிங் சேவையையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.