மின்சாரம் பிறந்த மலையில் மின்கலம் வற்றுவது ஏன்?

வரலாறு என்றதும் மன்னர்களையும் போர்களையும் நினைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் மாறவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்கலத்துக்கு வரலாறு உண்டு என்றால் நகைப்போரும் உளர். ஆயினும் மஸ்கெலியாவில் ஒரு லயன் காம்பராவில், பொழுது சாயும் வேளையில் அணைந்துபோகும் கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘இது ஏன் அணைந்தது?’ என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி நம்மை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னே அழைத்துச் செல்கிறது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நாட்டினார். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் இருப்புப்பாதை எட்டியது. அதன் வழியே தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கின; விலை நிலவரமும் கட்டளைகளும் மேலேறின. ஆனால் அந்தச் செய்தி வழிகள் எவருக்காக இருந்தன? துரையின் பங்களாவில் தொலைபேசி மணி ஒலித்தது. தொழிலாளிக்கு எட்டிய செய்தியோ விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு அழைத்த தப்பின் ஓசை. ஊரிலிருந்து வரும் கடிதமும் தோட்டத்து அலுவலகத்தின் வழியேதான் அவனிடம் வந்து சேர்ந்தது. லயன்களுக்குத் தனி முகவரி இல்லாத அவலம் பிற்காலத்திலும் நீங்கவில்லை. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிகளைக் கடக்காமல் ஒரு சொல்லும் அவனை அடையாத காலம் அது.

செய்தியைப் போலவே ஒளியும் அவனைக் கடந்தே சென்றது. 1912இல் நுவரெலியா நகருக்காக பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாடு முழுமைக்கும் மின்சாரம் பெறலாம் என்று 1918இல் அவர் ஆய்வுக் கட்டுரை படித்தபோது அதிகாரத்திலிருந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய கனவு, 1950இல் லக்சபான மின்நிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியபோதுதான் நனவாயிற்று. பின்னர் காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் பெரும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. எந்தப் பள்ளத்தாக்கின் நீர் கொழும்பின் விளக்குகளை ஏற்றியதோ, அந்தப் பள்ளத்தாக்கின் லயன்களில் குப்பி லாம்புகளே புகைந்தன. 1990களிலும் பல தோட்டங்களின் நிலை இதுவே. மின்சாரம் பிறந்த மலையில் அதனைத் தொட்டு அனுபவிக்க இரண்டு தலைமுறைகள் காத்திருந்தன!

இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டே கைபேசியின் வருகையை நாம் மதிப்பிட வேண்டும். 1989இல் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியபோது அது செல்வரின் பொருளாகவே இருந்தது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் தோட்டங்களுக்குள் அது பரவலாக நுழைந்தது. அக்காலத்துக் கருவிகளில் 2003இல் வெளிவந்த நொக்கியா 1100 ஒரு தனி வரலாறு படைத்தது. அதன் மின்கலத்தின் கொள்ளளவு 850 மில்லியம்பியர்-மணி மாத்திரமே. ஆயினும் பேசாது வைத்திருந்தால் 400 மணி நேரம் வரை, அதாவது பதினாறு நாள் வரை, அது உயிரோடிருக்கும் என்று உற்பத்தியாளர் அறிவித்தனர். தலையில் ஒரு சிறு விளக்கும் இருந்தது. மின்சாரம் இல்லாத லயனுக்கு இதனிலும் ஏற்றதொரு கருவி வேறென்ன? சந்தைக்குப் போகிறவன் கடையொன்றில் மின்னேற்றிக்கொண்டு வந்தால், அடுத்த சந்தைவரை கவலையில்லை.

அக்கருவி அளித்த பயன் சிறிதன்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே குடும்பத்தைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்துப் போட்டது. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறிக்கும் தங்கைக்கும் மஸ்கெலியாவில் பறிக்கும் அக்காளுக்கும் இடையில், அலுவலகத்தின் கைபடாத முதற் சொல் கைபேசி வழியாகவே சென்றது.

இன்று தோட்டத்து இளைஞனின் கையிலுள்ள திறன்பேசியின் மின்கலம் பெரும்பாலும் 4000 முதல் 5000 மில்லியம்பியர்-மணி கொள்வது. அஃதாவது பழைய கருவியினதைப்போல் ஐந்து மடங்கு. எனினும் அது ஒரு பகலைத் தாண்டத் திணறுகிறது. ஏன்?

பெரிய ஒளித்திரையும் ஓயாது இயங்கும் செயலிகளும் முதற் காரணங்கள் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் வலையமைப்பின் பங்கும் பெரிது. 2007இல் முதல் ஐபோன் மூன்றாம் தலைமுறை வசதியின்றியே வெளிவந்தது. அக்காலத்து மூன்றாம் தலைமுறைச் சில்லுகள் மின்கலத்தை மிகையாக உறிஞ்சுகின்றன என்பதை ஸ்டீவ் ஜொப்ஸ் காரணமாகக் கூறினார். மறு ஆண்டில் அவ்வசதியுடன் கருவி வந்தபோது, இரண்டாம் தலைமுறையில் 10 மணி நேரம் பேசலாம், மூன்றாம் தலைமுறையில் 5 மணி நேரமே பேசலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. வேகத்தின் விலையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா? இலங்கையில் 2006இல் மூன்றாம் தலைமுறையும் 2013இல் நான்காம் தலைமுறையும் வந்தன. ஒவ்வொரு முறையும் தொடக்கக் காலக் கருவிகள் மின்கலத்தை விரைந்து குடித்தன. சில்லுகள் திருந்திய பின்னர் நிலை சற்றுத் தணிந்தது. 2020இல் ஐந்தாம் தலைமுறையுடன் வந்த ஐபோன்களும், அவ்வேகம் தேவைப்படாத பொழுதில் நான்காம் தலைமுறைக்குத் தாமே இறங்கி மின்கலத்தைக் காக்கும் ஏற்பாட்டுடனேயே வந்தன.

ஆனால் வேகமே பகை என்று முடிவுகட்டிவிடலாகாது. நல்ல அலை கிடைக்கும் இடத்தில், ஒரே பாடத்தைப் பழைய வலையமைப்பில் நெடுநேரம் இறக்குவதைவிடப் புதியதில் நொடியில் இறக்கிவிட்டு உறங்கும் கருவிக்குச் செலவு குறைவு. பகை வேறிடத்தில் இருக்கிறது. கைபேசி கேட்கும் கருவி மட்டுமன்று, பேசும் கருவியும்கூட. கோபுரம் தொலைவில் இருந்தால் அது உரத்துக் கூவ வேண்டும். நான்காம் தலைமுறைக் கருவி ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாற்று வலுவரை அனுப்பவல்லது. கோபுரம் அருகிலிருந்தாலோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் போதுமாகலாம். வேகமான சேவைகள் பலவும் உயர்ந்த மீடிறன் அலைகளில் இயங்குகின்றன. அவ்வலைகள் மலை முகட்டை வளைந்து பள்ளத்தில் இறங்குவதில் வலிவு குறைந்தவை. கோபுரமோ நகரத்தையும் பெருந்தெருவையும் நோக்கி நிற்கிறது. லயனோ பள்ளத்தில் கிடக்கிறது. அலை மங்கும்போது கருவி நான்கிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கும் தாவித் தாவித் தேடுகிறது. ஒரு சிறு செய்தி வந்துபோன பின்னரும், அடுத்தது வருமோ என்று அதன் வானொலிப் பகுதி உடனே உறங்காது விழித்திருக்கிறது. தொடக்கக் கால நான்காம் தலைமுறை வலையமைப்புகளில் இவ்விழிப்பு பத்து விநாடியளவு நீடித்தது. மேசைமேல் சும்மா கிடக்கும் கைபேசி சூடேறி வற்றுவதன் மருமம் இதுவே.

ஆகவே, ஒரே விலை கொடுத்து வாங்கிய ஒரே கருவி கொழும்பில் இரவுவரை எரிகிறது. தோட்டத்தில் மாலைக்குள் அணைகிறது. கோபுரம் கட்டுவதில் மிச்சம் பிடிக்கப்பட்ட செலவைத் தொழிலாளியின் மின்கலம் செலுத்துகிறது!

இன்னொரு காரணமும் உண்டு. 1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். நீராவி எந்திரம் திருந்தி, அதே வேலைக்குக் குறைந்த நிலக்கரி போதுமானதாயிற்று. ஆனால் நாட்டின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகியது. மலிவான ஆற்றலுக்குப் புதுப்புது வேலைகள் பிறந்தன. வலையமைப்பும் அவ்வாறே. ஓர் எழுத்தை அனுப்பும் செலவு குறைந்தது. ஆனால் எழுத்தின் இடத்தில் ஒளிப்படமும், ஒளிப்படத்தின் இடத்தில் தானே ஓடும் காணொளியும் வந்தன. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்கு நம் கண் திரையில் ஒட்டியிருப்பதே இலாபம். கொழுந்து பறிப்பவளின் கை விரைவானபோது அவளுடைய வேலைநாள் குறைந்ததா, நிறையின் அளவு கூடியதா? விடை நம் மாணவர் அறிந்ததே. வேகத்தின் பயன் எவரிடம் சேர்கிறது என்பதே எக்காலத்துக்கும் உரிய கேள்வி.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இக்கேள்வி நம் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்தது. ஊவாவின் பொகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் அலை தேடிக் குன்றேறிய செய்தியை உலகம் படித்தது. அலையின்மைக்கு மொழி வேற்றுமை இல்லை! நம் தோட்டங்களிலும் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினர். நாமோ, நல்லாசிரியர் என்ற பெருமிதத்தில், நீண்ட காணொளிகளை நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி குரற்பதிவு அனுப்பினாள்: “சேர், வீடியோ எறங்கி முடியுறதுக்குள்ள போன் அணைஞ்சிருது. அப்பா வேலைக்குக் கொண்டு போகணும். எழுதியே அனுப்பிருங்க சேர்.” நாம் நாணினோம். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு தகப்பனுக்கும் பொதுவான ஒரே கருவியின் உயிரை, நம் பாடமே குடித்துக்கொண்டிருந்தது. அன்று முதல் இரண்டு பக்க எழுத்தும் ஐந்து நிமிடக் குரலுமாக நம் பாடம் மாறியது. பிள்ளைகளின் விடைகளும் அதன் பின்னரே திரும்பி வரத் தொடங்கின.

2022இன் நெருக்கடியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அப்போது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. கோபுரத்துக்கும் மின்கலம் உண்டு, அதுவும் வற்றும். ஒரு கோபுரம் மௌனமானால், கைபேசிகள் தொலைவிலுள்ள வேறொன்றைத் தேடி இன்னும் உரத்துக் கூவும். மின்னேற்ற வழியில்லாத வேளையிலேயே மின்கலம் மிக விரைந்து வற்றியது. லக்சபானவின் நிழலில் வாழ்வோர் மறுபடியும் இருளில் அமர்ந்தனர்.

செய்ய வேண்டியது யாது? தனி மனிதர் செய்யக்கூடியன சில உள. அலை மங்கிய இடத்தில் தரவை அணைத்து வைத்தல், பேச மட்டும் வேண்டுமாயின் பழைய தலைமுறைக்கு இறக்கிக்கொள்ளல், இரவில் விமானப் பயண நிலையில் வைத்தல், நல்ல அலையுள்ள இடத்தில் பாடங்களை ஒருமுறை இறக்கிக்கொண்டு பின்னர் அலையின்றியே படித்தல் ஆகியன மின்கலத்துக்குச் சில மணி நேரம் ஈட்டித் தரும். மாணவருக்கு இவற்றை நாம் கற்பிக்க வேண்டும். நாமும் பாடத்தை இலேசாக்க வேண்டும்.

ஆனால் சிக்கனத்தை மட்டும் போதித்து ஓய்வது நம் பணியாகாது. குப்பி லாம்பின் திரியைக் குறைத்து எரிக்கக் கற்பித்தவர்கள் லயனுக்கு மின்சாரம் கொண்டுவரவில்லை. அதனைக் கேட்டுப் போராடியவர்களே கொண்டுவந்தனர். பள்ளத்திலுள்ள லயன்களையும் எட்டும் கோபுரங்கள், மின்வெட்டிலும் இயங்கும் சேமிப்பு, ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் கம்பி வழியே வரும் இணையமும் மின்னேற்றும் வசதியும் ஆகியவை சலுகைகள் அல்ல. இந்த மலை நீரையும் தேயிலையையும் நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. திருப்பிக் கேட்பதற்கு அதற்கு உரிமை உண்டு. அந்த உரிமையின் கணக்கை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைப்பது நம் போன்ற ஆசிரியரின் கடமை.