காதுக்குள்ள ஒரு குட்டி ஜன்னல்: குரோமெட்டின் கதை

போன வருஷம் பாகூர்ல இருந்து அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, பையன் காதுல குழாய் வைக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்றாருடா. என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

பையனுக்கு அஞ்சு வயசு. கூப்பிட்டா திரும்ப மாட்டான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவான். திமிருன்னு திட்டினோம், நானும்தான். ஆனா செவிப்பறைக்குப் பின்னாடி பசை மாதிரி நீர் கட்டியிருந்தது. வலி இல்ல, சீழ் இல்ல. அதனால யாருக்கும் தெரியல.

நடுக்காதுக்குக் காற்று போற வழி, மூக்கின் பின்பக்கத்துல இருந்து போற யூஸ்டேஷியன் குழாய். குழந்தைகளுக்கு அது குட்டை, கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கும். சளி பிடிச்சா சரியா திறக்காது. உள்ள காற்று குறைஞ்சு நீர் ஊறும். எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் சரியா ஊத்தாது. காற்று போக இன்னொரு ஓட்டை வேணும். குரோமெட் அந்த இரண்டாவது ஓட்டை.

1801-லேயே லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், செவிப்பறையில் துளை போட்டா சிலருக்குக் கேட்கிறதுன்னு ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆனா துளை சீக்கிரமே மூடிக்கும். 1860-களில் வியன்னாவின் ஆடம் பொலிட்சர், துளை மூடாம இருக்க கடின ரப்பர் வளையம் வச்சுப் பார்த்தார். அது நிலைக்கல, யோசனையும் பரண் ஏறிடுச்சு. 1954-ல் அமெரிக்க டாக்டர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங், சின்ன பிளாஸ்டிக் குழாயோட அதை மறுபடி கொண்டுவந்தார்.

அதே 1954, நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சுக்காரங்க நம்ம புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைச்சாங்க. அவங்க 1823-ல் தொடங்கின மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்னிக்குக் கோரிமேட்டுல இருக்கிற ஜிப்மர். காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2006-07-ல் வந்தது. 2013-ல் அங்கன்வாடி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கினாங்க. அதுல செவித்திறனும் உண்டு. வில்லியனூர், பாகூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முதல் வாசல் அதுதான்.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? உடனே குழாய் வேண்டாம். பெரும்பாலும் நீர் தானா வத்திடும். மூணு மாசம் பொறுத்தும் ரெண்டு காதுலயும் நீர் நின்னு, செவித்திறன் சோதனையிலும் குறை தெரிஞ்சா, அப்போ டாக்டரோட உட்கார்ந்து பேசு. சின்னக் குரோமெட் ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள பொதுவா தானா விழுந்திடும். 'டி' வடிவக் குழாய் ரொம்ப நாள் நிக்கும்; ஆனா அது போன பிறகு ஓட்டை மூடாம போற வாய்ப்பும் கூட. அதனால முதல் தடவைக்குப் பொதுவா சின்னதுதான்.

வச்ச பிறகு காது ஒழுகினா, டாக்டர் எழுதிக் கொடுக்கிற சொட்டு மருந்துதான். சூடு பண்ணின எண்ணெய் கூடவே கூடாது, ஆயா எவ்ளோ சொன்னாலும். தலைக்குக் குளிக்கலாம், ஏரியில முங்கு நீச்சல் மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு.

மூணு மாசம் பொறுத்துப் பார்த்தாங்க. நீர் வத்தல, குழாய் வச்சாங்க. வீட்டுக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, ஃபேன் ஏன் கத்துது?"

அக்கா அழுதுடுச்சு. நான் அவன்கிட்ட சாரி சொன்னேன். உங்க வீட்டுலயும் ஒரு 'திமிரு' இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி காதைக் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.