கொள்ளைநோய்: சொல்லும் பொருளும்

கொள்ளைநோய், தொற்றுநோய் என்னும் இரு சொற்களும் இன்றைய உரைநடையில் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. இவை வெவ்வேறு நோக்கில் எழுந்தவை என்பதையும் அவ்வேறுபாட்டின் வரலாற்றுப் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்தது ‘கொள்ளை’. கவர்ந்து செல்லுதல் இதன் முதன்மைப் பொருள். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் இனச்சொற்கள் இப்பொருளில் வழங்குகின்றன. தமிழில் இதற்கு மிகுதிப் பொருளும் உண்டு (கொள்ளை அழகு, கொள்ளை ஆசை). ‘கொள்ளையில் போக’ என்னும் வசைமொழியிலோ, ‘நோய்’ என்னும் சொல் இன்றியே இது பெருஞ்சாவைக் குறிக்கிறது. எனவே கவர்தல், மிகுதி ஆகிய இரு பொருளும் கொள்ளைநோய் என்பதில் இயைந்துள்ளன எனலாம். குறுகிய காலத்தில் பலரை வாரிச் செல்லும் நோய் என்பது இதன் பொருளாகிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும் பஞ்சம், போர் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து, மக்கள் கூட்டத்திற்கு நேரும் அழிவாகவே இச்சொல்லை ஆள்கிறது.

‘தொற்று’ என்பது பற்றுதல், ஒட்டுதல் என்னும் பொருளது. இது நோய் பரவும் முறையைச் சுட்டுகிறது. காசநோய் ஒருவருக்கே வரினும் தொற்றுநோய்தான். ஒருவருக்கு வருவதைக் கொள்ளைநோய் என்னும் வழக்கில்லை.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியதை அடுத்து, 1897இல் கொள்ளைநோய்த் தடுப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இரயில் பயணிகளைச் சோதித்தல், தொற்றுடையோர் என ஐயுறப்பட்டோரைப் பிரித்து வைத்தல் ஆகியவற்றுக்கு அச்சட்டம் இடமளித்தது. ஊரின் துயரைத் தீர்க்க எழுந்த சட்டம் தனியாளின் உடலில் தொற்றைத் தேடியது. அவ்வாண்டே பூனாவில் வீடு புகுந்து நடத்தப்பட்ட சோதனைகள் மக்களின் சினத்தைத் தூண்டின. பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமையேற்ற ராண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1897 ஜூனில் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார்.

2020 மார்ச்சு 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் கொரோனா அறிவிப்பு வெளிவந்தபின், ‘பெருந்தொற்று’ என்னும் சொல் பரவலான வழக்குப் பெற்றது. ‘பெரு’ என்னும் அடை பரவலின் விரிவை உணர்த்துகிறது. மாண்டோரின் மிகுதியை அது உணர்த்துவதில்லை. தொற்று என்னும் சொல்வழி நோயுற்றவர் நோயைப் பரப்புபவராகவே முதலில் தோன்றுகிறார். கொள்ளை என்னும் சொல்வழி அவர் பறிகொடுத்தோருள் ஒருவராகிறார்.

மருத்துவத்திற்குத் தொற்று என்னும் சொல் இன்றியமையாதது. மாண்டோரைக் கணக்கில் கொள்ளும் வரலாற்றெழுத்திற்குக் கொள்ளைநோய் என்னும் பழஞ்சொல்லே பொருந்துவது என்பது பெறப்படும்.