புல்லட் ரயில் வழியில் கூலிக்காரர் கணக்கு

மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்கு 2017 செப்டம்பர் 14 அன்று மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள். செலவில் 81 விழுக்காடு ஜப்பான் கடன், வட்டி 0.1 விழுக்காடு. இந்தக் கணக்கை எல்லோரும் பேசினார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு கணக்கு.

பாதை தெற்கு குஜராத்தின் சூரத், நவ்சாரி, வல்சாட் மாவட்டங்களைக் கடக்கிறது. ஹாலி முறை வேரூன்றியிருந்த மண் அது. அனாவில் பிராமணர் நிலங்களில், கடனுக்குக் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள் துப்ளா ஆதிவாசிகள். இன்று ஹால்பதி எனப்படுவோர். நம் தஞ்சைப் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த முறை ஒழிந்தது. நிலம் மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை.

ஆங்கிலேயர் 1894-இல் போட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரோடுதான் பேசியது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் அதன் கண்ணில் படவே இல்லை. 2013-இல் வந்த புதிய சட்டம்தான், மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றது. நிலத்தை எடுக்கும் முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும், ஊரிலேயே பொது விசாரணை வைக்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டா இல்லாதவர் எழுந்து பேச ஒரு இடம் கிடைத்தது. தோழர்களே, அதற்கு 119 ஆண்டுகள் ஆயின.

குஜராத் அதை மூன்றே ஆண்டுகளில் ஓட்டை போட்டது. 2016-இன் மாநிலத் திருத்தப்படி, உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து அரசே விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். அடிக்கல் விழா அடுத்த ஆண்டு.

எல்லைக்கு இந்தப்புறம், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. டஹாணு, தலாசரி வட்டங்கள் ஐந்தாம் அட்டவணைப் பகுதி. கிராம சபையைக் கேட்காமல் அங்கே நிலம் எடுக்க முடியாது. ஆதிவாசிக் கிராம சபைகள் பல எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மகாராஷ்டிரப் பகுதியில் நில எடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'தாமதம்' என்று எழுதிய பத்திரிகைகள் அதைச் சட்ட உரிமை என்று எழுதியிருக்கலாம்.

குஜராத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019 செப்டம்பரில் மனுக்கள் தள்ளுபடியாயின; 2016 திருத்தமும் செல்லும் என்றது நீதிமன்றம். நிலமும் பத்திரமும் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. அவர்கள் வயலில் களை எடுத்த ஹால்பதிப் பெண், வழக்குப் போட எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்?