மதிய இடைவேளையில் வேலை: ஊழியருக்கு உரியது என்ன?

பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு போன்ற பண்டிகைக் காலங்களில் மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, ஏறாவூர் கடைத்தெருக்களிலும் வியாபாரம் களைகட்டும். அவ்வேளைகளில் விற்பனை ஊழியர்கள் அவசர அவசரமாகச் சோற்றுப் பார்சலை முடித்துக்கொண்டு மீண்டும் துணி அளக்க வருவது வழமையான காட்சியே. அந்த ஒரு மணி நேரம் எவருடைய கணக்கிலும் சேர்வதில்லை. தமிழ் முதலாளியிடம் வேலை செய்யும் முஸ்லிம் இளைஞனுக்கும், முஸ்லிம் முதலாளியிடம் வேலை செய்யும் தமிழ் யுவதிக்கும் இவ்விடயத்தில் வேறுபாடில்லை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளின் சாதாரண வேலை நேரத்தை 8 மணித்தியாலங்களாகவும் வாரத்துக்கு 45 மணித்தியாலங்களாகவும் வரையறுத்துள்ளது. உணவுக்கோ ஓய்வுக்கோ வழங்கப்படும் இடைவேளை இக்கணக்கில் அடங்காது என்பதே இங்கு முக்கியமானதாகும். காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குச் செல்பவர் ஒரு மணி நேர இடைவேளை பெற்றால் 8 மணித்தியாலங்கள் வேலை செய்தவராவார். அந்த இடைவேளையிலும் வேலை வாங்கப்பட்டால் அது 9 மணித்தியாலமாகிறது. மிஞ்சிய ஒரு மணித்தியாலம் மேலதிக நேரமாகும். அதற்குச் சாதாரண வேதனத்தின் ஒன்றரை மடங்கு வழங்கப்பட வேண்டும்.

தொகை அற்பமானதெனக் கருதுவோர் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தேசிய ஆகக் குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. கடை ஊழியரின் மணித்தியால வேதனத்தைக் கணிக்க மாத வேதனத்தை 240ஆல் வகுப்பர். 30,000 ரூபாவுக்கு அது 125 ரூபா. ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். அரைநாள்களை விடுத்து மாதத்தில் 22 முழுநாள்கள் என்று கொண்டாலும் 4,125 ரூபா வருகிறது. ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவுக்கு இது சிறு தொகையன்று.

"நோன்பு பிடிப்பவருக்கு மதிய இடைவேளை எதற்கு?" என்று கேட்கும் முதலாளிமாரும் உளர். இது தவறான வாதமாகும். இடைவேளை உண்பதற்கு மட்டுமன்றி ஓய்வுக்காகவும் உரியது. உண்ணாதிருப்பவருக்கு ஓய்வின் தேவை இன்னும் அதிகமே. அந்நேரத்தில் ளுஹர் தொழுவதும், தூங்குவதும், வெறுமனே அமர்ந்திருப்பதும் ஊழியரின் விருப்பம். இருதரப்பும் மனமொத்து நேரத்தை மாற்றி, அன்றைய வேலையை முன்கூட்டியே முடித்து, நோன்பு திறக்க வீடு செல்ல வழிசெய்வது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒன்பதாவது மணித்தியாலத்தை இலவசமாகப் பெறுவதற்கு அதனைச் சாக்காகக் கொள்ளலாகாது.

"சாப்பாடு நாங்களே கொடுக்கிறோம்" என்பது மற்றொரு சமாதானம். உணவளிப்பது பாராட்டுக்குரியது, எனினும் அது மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈடாகாது. மேலும், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழில்தருநர் வழங்கும் உணவின் பெறுமதியையும் உழைப்பூதியத்தின் பகுதியாகவே கொள்கிறது. ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் அதன்மீதும் கணிக்கப்பட வேண்டும் என்பதைப் பலர் அறியார். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கோ இந்நிதிப் பங்களிப்பு இல்லை.

ஒருவர் மட்டுமே கடமையிலிருக்கும் மருந்தகம், காவலாளியின் காவற்கூடு போன்ற இடங்களில்தான் சிக்கல் கூடுதல். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு உண்பவர் உண்மையில் ஓய்வில் இல்லை. வர்த்தக, காரியாலய வேலை நேரம் பற்றிய 1930ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் சமவாயம், ஊழியர் தொழில்தருநரின் ஏவலுக்குட்பட்டிருக்கும் நேரத்தையே வேலை நேரம் என்கிறது. கலிபோர்னியாவில் உரிய இடைவேளை மறுக்கப்படும் நாளுக்கு மேலும் ஒரு மணி நேரச் சம்பளம் வழங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமது சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. எனினும் வேலை செய்த நேரத்துக்குரிய கொடுப்பனவை அது மறுக்கவுமில்லை.

ஆலைத் தொழிலாளர் பலருக்கு இச்சட்டமன்றி, 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழான தீர்மானங்களே பொருந்தும். அவற்றில் நேர விதிகள் தொழிலுக்குத் தொழில் வேறுபடும்.

நியமனக் கடிதம் வழங்குவது கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி தொழில்தருநரின் கடமையாகும். அது கையில் இல்லாதவர்களும் வந்த நேரம், சென்ற நேரம், இடைவேளையில் வேலை செய்த நாள்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் அன்றன்றே குறித்துவைத்து, மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.