தான்றி மரத்தின் கணக்கு

இரத்மலானை வகுப்பறையில் நளன் கதையை நடத்தும்போது, மாணவர் மனம் சூதாட்டத்திலேயே நின்றுவிடுவதைக் காண்கிறேன். அக்கதையில் கணிதமும் ஒன்று உண்டு. அதனை இன்று நோக்குவோம்.

மகாபாரதத்து வன பருவத்தில், நளன் தேரோட்ட, அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைக் காண்கிறான். அதன் இரு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் உள்ளன என்கிறான். எண்ணிப் பாராமல் நம்ப நளன் இசையவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி வீழ்த்தி எண்ணுகிறான். கணக்குச் சரியாகிறது.

பண்டைச் சூதாடுகாய்களும் தான்றிக் கொட்டைகளே. எண்ணும் கலையும் சூதின் நுட்பமும் மன்னனுக்கு ஒருங்கே கைவந்திருந்தன. அவற்றைக் கற்றே நளன் நாட்டை மீட்டான். பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் முறையின் சாயல் இங்கு உண்டென்பதை, நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹக்கிங் 1975இல் எடுத்துக்காட்டினார்.

முழுவதையும் எண்ணப் புகுந்தால் மரமே வீழ்ந்துவிடுகிறது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தை அமைத்த மகலனோபிஸ் இதனை நன்குணர்ந்தவர். 1937இல் வங்கத்தில் தொடங்கிய சணல் ஆய்வில், வயல்கள் யாவையும் அளவாது, எழுமாறாகத் தெரிந்தெடுத்த சிலவற்றை அளந்தே பயிர்ப்பரப்பை மதிப்பிட்டார். அம்மதிப்பீட்டில் எவ்வளவு வழு நேரலாம் என்பதையும் கணித்தார்.

இருதுபன்னன் வழுவைப் பற்றிப் பேசவில்லை. புள்ளிவிபரவியல் பேசுகிறது. துணிந்து முடிவெடுப்போர், அம்முடிவு எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அந்த அறிவின்றிப் பந்தயம் வைத்தே நளன் முதலில் நாடிழந்தான்.